கையில் ஒட்டிய எள்

ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுவிடுங்கள் அம்மா. ஆழ்வார்குறிச்சி தாண்டினால் எனக்குக் குமட்டும். அந்தப் பையைக் காலுக்கடியில் வைக்காதீர்கள், சோறு இருக்கிறது. மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். தென்காசிக்கா? நானும் தென்காசிக்குத்தான். டிரைவருக்குப் பின்னால் தலையை ஈரத்தோடு விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அது என் மகள். உலகம்மை. பக்கத்தில் இடம் இருந்தும் நான் போகவில்லை. தென்காசி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் திறப்பாள்.

நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறது. கையில் புத்தகம், மூக்கில் கண்ணாடி. உங்களிடம் சொன்னால் புரியும். நான் எட்டாவதோடு நின்றவள். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. இவள் படிப்பைப் பார்த்த பிறகு சந்தோஷமே பட்டேன்.

கம்ப்யூட்டர் கேட்டோம், கிடைக்கவில்லை. காமர்ஸ் கேட்டோம், கிடைக்கவில்லை. கடைசியில் தத்துவம் மட்டும் இருந்தது. சந்தை கலைகிற நேரத்தில் சாக்கில் கிடக்குமே சொத்தைக் கத்தரிக்காய், அந்த மாதிரி. கத்தரிக்காயாவது சொத்தையை வெட்டி எறிந்துவிட்டுக் குழம்பில் போடலாம். முதல் வருஷத்தில் ஒரு பாடம். அளவையியல் என்று பெயர். தையல் அளவோ நில அளவோ, ஏதோ கைத்தொழில் என்று நினைத்து நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். பிறகு பார்த்தால், பேசுகிற பேச்சு சரியா தப்பா என்று பார்க்கிற படிப்பாம். அதற்கு ஒரு காலேஜ், அதற்கு ஒரு பஸ் பாஸ்.

என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மலையில் புகை தெரிகிறது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. எது போல? அடுப்பங்கரை போல. இவ்வளவுதான். இதை ஒரு வாரம் நடத்தியிருக்கிறார்கள். பரீட்சையில் வேறு கேட்பார்களாம். என் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்க்காதவள், காலேஜில் போய் அடுப்பங்கரையை உதாரணம் காட்டுகிறாள்.

அதோடு விட்டாளா? வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் நிறுத்தி வைத்து விசாரணை. நாம் ஒன்றைச் சொன்னால், அதற்கு அடியில் நாம் சொல்லாமல் வைத்திருப்பதற்கு எடுகூற்று என்று பெயராம். அதைத் தோண்டி எடுப்பாள். பல்லி சத்தம் போட்டது, இன்றைக்கு எதுவும் தொடங்க வேண்டாம் என்றேன். பல்லி சொல்லி நடந்ததை மட்டும் நீ ஞாபகம் வைத்திருக்கிறாய், சொல்லி நடக்காததை யார் எண்ணினார்கள் என்று கேட்கிறாள். நடக்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும், நம் வீட்டில் நடக்காவிட்டால் வேறு யார் வீட்டிலாவது நடந்திருக்கும் என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் மதினி தினமும் சாயங்காலம் வருவாள். நல்ல மனுஷி. கொஞ்சம் வாய் நீளம், அவ்வளவுதான். ஒருநாள் காபியைக் குடித்துக்கொண்டே பொதுவாகத்தான் சொன்னாள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஓடிப்போகாது என்று. உள்ளே இருந்த உலகம்மை வாயிலிருந்து இது வந்தது.

"எங்க அக்கா ஓடிப்போனா. அப்போ நாங்க நல்ல குடும்பம் இல்லை. சரிதான அத்தை? அப்போ நல்ல குடும்பம் இல்லாத வீட்டுல தினமும் காபி குடிக்கிறவங்களை என்ன சொல்லணும்?"

மதினி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள்தான். அப்புறம் கறிவேப்பிலைக்குக்கூட வரவில்லை. எனக்கு இந்த ஊரில் பேச இருந்தது அந்த ஒரு ஆள்.

காலேஜில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். அந்தப் பாடம் எடுக்கிறவர் ஒல்லியாக, சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு நின்றார். உங்கள் பெண் நன்றாகக் கேள்வி கேட்கிறாள் அம்மா என்றார், அது ஏதோ மெடல் மாதிரி. நான் கேட்டேன், இங்கே சொல்லிக் கொடுப்பதை எல்லாம் உங்கள் வீட்டில் பேசினால் உங்கள் சம்சாரம் ஒத்துக்கொள்கிறார்களா என்று. வீட்டில் நான் பேசுவதே இல்லை அம்மா என்றார். பார்த்தீர்களா. ஊரான் வீட்டில்தான் கொளுத்திப் போடுவார்கள்.

ஆமாம், அக்கா என்று சொன்னாள் அல்லவா. மூத்தவள் ஒருத்தி இருந்தாள். ஆவுடைச்செல்வி. நான் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. தென்காசியில் ஒரு லேபில், வருகிற போகிறவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறான் ஒருத்தன். வேறு ஆட்கள். அவனோடு போய் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தகப்பன் இல்லாத வீடு. அவர் லாரியில் போனவர் திரும்பி வராத நாளிலிருந்து இரண்டு பெண்களையும் நான் ஒருத்தி வளர்த்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்று இவள் கேட்கிறாள். விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டுமா இல்லையா?

சேதி வந்த அன்றைக்கே குழாயடியில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். தெருவே பார்த்தது. தலைமுழுகியாகிவிட்டது. அதோடு அவள் செத்தாள். செத்தவள் செத்தவள்தான்.

போன மாதம், ஆனியில் ஒருநாள், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உலகம்மை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அக்காவுக்கு ஆறு மாசம் என்று. எனக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள் கள்ளி. எந்த அக்கா என்றேன். எனக்கு ஒரு அக்காதான் என்றாள். செத்தவளுக்கு எங்கேயிருந்து வயிறு வரும் என்றேன்.

அப்போதுதான் ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், காரியம் முடிந்திருக்கும். வகுப்பில் ஒப்பிப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

"நம்ம வீட்டுல செத்தவங்களுக்கெல்லாம் நீ ஆடி அமாவாசைக்குத் திதி குடுப்ப. அப்பாவுக்குக் குடுக்க. தாத்தாவுக்குக் குடுக்க. பார்த்தே இராத உன் மாமியாருக்குக்கூடக் குடுக்க. அக்காவுக்குக் குடுக்கலை. அப்போ அக்கா சாகலை."

சொல்லிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வேதனையால் என்று நினைக்காதீர்கள், ஆத்திரம். இரண்டு வருஷமாக நான் சொல்லி வருவதை, பெற்ற மகள் மூன்று வரியில் மடக்கிப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போகிறாள். படிக்காதவள் என்றால் இளப்பமா? நானும் யோசித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன், கோலம் போடும்போது யோசித்தேன். அவள் சொன்னதில் ஓட்டை இல்லை என்று வையுங்கள். திதி கொடுக்கவில்லை, அதனால் சாகவில்லை என்கிறாள். அப்படியானால் கொடுத்துவிட்டால்? கொடுத்துவிட்டால் அவள் என்ன சொல்ல முடியும்? ஒரு கை எள், ஒரு கை தண்ணீர். வாயை அடைத்துவிடலாம்.

இதை அவளிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பயந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

"எம்மா, முடிவு பிடிக்கலைங்கிறதுக்காக எடுகூற்றை மாத்தக் கூடாதும்மா" என்றாள்.

யார் வைத்த சட்டம் அது? என் வீடு, என் எடுகூற்று, நான் மாற்றுவேன். போட்டி என்று வந்தபிறகு தோற்கிறவர்கள்தான் சட்டம் பேசுவார்கள்.

ஆக, இன்றைக்குக் காலையில் பாபநாசம் வந்தோம். ஆடி அமாவாசைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மழித்த தலையும் ஈர வேட்டியும் வாழை இலையுமாக ஆறே தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, அதனால் நான்தான் கொடுப்பேன். முதல் வருஷம் ஐயர் முனகினார். இப்போது பழகிவிட்டது. இந்த வருஷம் அவர் வரவில்லை, அவர் மகன் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயசு. ஆனால் காரியத்தில் கெட்டி.

என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். மாமனாருக்கு, மாமியாருக்குக் கொடுத்தேன். வேறு யாராவது உண்டா என்று கேட்டான். என் மகள் என்றேன். ஆவுடைச்செல்வி. நட்சத்திரம் சொன்னேன். உலகம்மை எனக்குப் பின்னால் மேல்படியில் நின்றாள். பேசுவாள், மல்லுக்கு நிற்பாள் என்று நான் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பிசாசோ என் சேலைத் தலைப்பு தண்ணீரில் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எப்போது தவறினார்கள் என்று கேட்டான் ஐயர். எனக்குத் தெரிந்த தேதி அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் தேதிதான். ஆவணி, வளர்பிறை என்று சொன்னேன். அடடா, நல்ல முகூர்த்த நாளாச்சே என்றான். வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

அடுத்து ஒன்று கேட்டான் பாருங்கள்.

"கன்னியா போனாளா, சுமங்கலியா போனாளாம்மா? ரெண்டுக்கும் வேற வேற."

என்னவென்று சொல்வது? கன்னி என்று சொன்னால், கன்னியாகச் செத்தது வீட்டுத் தெய்வமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வருஷா வருஷம் பாவாடை வைத்துக் கும்பிட வேண்டும். அதுவும் போக, கன்னி என்றால் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கல்யாணமே ஆகவில்லை என்றால் நான் எதற்குத் தலைமுழுகினேன்? சுமங்கலி என்று சொன்னால் புருஷன் இருக்கிறான். புருஷன் என்றால் யார், அந்த ஊசிக்காரன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பு நான்தான். பின்னால் வரிசையில் ஒரு கிழவர் சீக்கிரம் சொல்லும்மா, வெயில் ஏறுது என்கிறார்.

சுமங்கலி என்றேன்.

வாயில் வந்துவிட்டது. பெற்ற பெண்ணை, அதுவும் பிள்ளைத்தாச்சியை, ஆற்றங்கரையில் நின்று வேறு எதையாவது சொல்ல முடியுமா? யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவன் விடவில்லை. சுமங்கலியாய்ப் போனவளுக்கு அவள் வீட்டுக்காரர்தானே செய்ய வேண்டும், மருமகன் வரவில்லையா என்றான்.

"வரலை சாமி. டூட்டிக்குப் போயிருக்காரு" என்றேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, பரவாயில்லை, தாயார் செய்யலாம் என்று ஐயர் உள்ளங்கையில் எள்ளை வைத்தான். பேரைச் சொல்லித் தண்ணீரில் விடுங்கள் என்றான். பேரைச் சொன்னேன். கையைச் சாய்த்தேன். எள் விழவில்லை. கை முழுக்க ஈரம், எள் அப்படியே ஒட்டிக்கொண்டது. விடுங்கம்மா என்றான். கையைச் சாய்த்துக்கொண்டேதான் இருந்தேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். உலகம்மை நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது தெரியும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் அது பக்கத்து இலையில் ஏற்றிய சூடம். ஈரக் கையில் எள் ஒட்டும். எள் விழாததற்கு நான் என்ன செய்ய?

ஐயர் என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். சாமி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், உயிரோடு இருக்கிறவர்களுக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேச்சுக்குத்தான். அவன் சொம்பை நகர்த்திவிட்டு என் கையைப் பிடித்தே விட்டான். இலை மேல் உதறச் சொல்லித் துடைத்தான். கிழவர் என்னப்பா என்ன என்கிறார். கூட்டமே திரும்பிப் பார்க்கிறது. அப்பன் வயசுக்காரர்கூட என்னை அப்படிப் பேசியதில்லை, அந்தப் பையன் பேசினான். ஆத்தாளா நீ என்று கேட்டான். நான் பொறுத்துக்கொண்டேன். காரியம் தெரிந்தவன் பேசட்டும்.

அப்புறம் அவன்தான் சொன்னான், தண்ணீரில் விழாதவரைக்கும் பாதகமில்லை, ஆனால் பேரைச் சொல்லியாகிவிட்டது, பரிகாரம் செய்தே தீர வேண்டும் என்று. இன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், அவள் முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். புதுச்சேலை கொடுக்க வேண்டும். கை நிறையக் கண்ணாடி வளையல் போட வேண்டும். பெற்றவள் கையால் ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டும்.

அதனால்தான் இந்த பஸ். மற்றபடி எனக்குத் தென்காசியில் என்ன வேலை?

படியேறி வரும்போது உலகம்மை கேட்டாள், ஏம்மா, செத்தவளுக்கு எதுக்குப் பரிகாரம் என்று. தென்காசி வரைக்கும் வாயைத் திறந்தால் ஆற்றில் தள்ளிவிடுவேன் என்றேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பையை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், ஐந்து சோறு இருக்கிறது. எலுமிச்சை, புளி, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர். சோறு ஊட்ட வேண்டும் என்று ஐயர் சொன்னான், எந்தச் சோறு என்று சொல்லவில்லை. எது பரிகாரத்துக்கு ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்தும் இருந்தால் ஒன்றாவது சரியாக இருக்கும். அம்பாசமுத்திரத்தில் ஒரு நல்ல ஓட்டல் இருக்கிறது, அங்கே இறங்கி வாங்கினேன். சேலை இலைப் பச்சை. அவளுக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்பதற்காக அல்ல, கடையில் அதுதான் முன்னால் இருந்தது. வளையலும் பச்சைதான், சேலை பச்சையாக இருக்கும்போது வளையலை வேறு நிறத்தில் எடுப்பார்களா?

சிரிக்காதீர்கள் அம்மா. நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஏழாம் மாசம், ஐந்து வகைச் சோறு, கண்ணாடி வளையல், வளைகாப்பு என்று நினைக்கிறீர்கள். இது வளைகாப்பு இல்லை. ஆடி மாதத்தில் யாராவது வளைகாப்பு செய்வார்களா? மாட்டார்கள். இது ஆடி மாதம். ஆகவே இது வளைகாப்பு இல்லை. பரிகாரம். உங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன், அங்கே முன்னால் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு இதைச் சொன்னால் புரியாது.

யாருக்குத் தட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தட்டட்டும். வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. போவேன், வளையலைப் போடுவேன், ஒரு வாய் ஊட்டுவேன், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். பேச மாட்டேன். அதில் மட்டும் நான் உறுதி. முகத்தைப் பார், சேலை கொடு, வளையல் போடு, ஊட்டு என்றுதான் ஐயர் சொன்னான். பேசு என்று சொல்லவில்லை. தலைமுழுகியவளோடு பேசினால் முழுகியதற்கு என்ன அர்த்தம்? இரண்டு வருஷம் கட்டிக் காத்தது. அவளும் என்னிடம் பேச மாட்டாள். அவளும் என் ரத்தம்தானே.

தென்காசி வந்துவிட்டதா? இவ்வளவு சீக்கிரமா? ஒரு வாந்திகூட வரவில்லை, பாருங்கள், உங்களோடு பேசிக்கொண்டு வந்ததில்.

ஏன் எழுந்து நிற்கிறாள் இந்தக் கழுதை, பஸ் இன்னும் ஸ்டாண்டுக்குள்ளேயே நுழையவில்லை. யாருக்குக் கை காட்டுகிறாள்?

அதோ. அந்தக் கூரை தாண்டி. பழக்கடைக்குப் பக்கத்தில், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு. நைட்டி மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், பஸ் ஸ்டாண்டுக்கு. எலும்பும் வயிறுமாக இருக்கிறாளே. அவன் என்ன, ரத்தத்தை இவளிடம்தான் எடுக்கிறானா? உச்சி வெயில் நேரே தலையில் இறங்குகிறது. ஒரு எட்டு வைத்தால் கூரை. மூளை இருந்தால் அங்கேயா நிற்பாள்?

"ஏட்டி ஆவுடை. வயித்துப் பிள்ளையோட வெயில்லயா நிப்ப? நிழல்ல தள்ளி நில்லுட்டி."

இதைப் பேசியதாகச் சேர்க்கக் கூடாது. வெயிலில் நிற்கிற யாரைப் பார்த்தாலும் சொல்வதுதான். நீங்கள் நின்றாலும் சொல்லியிருப்பேன். என்ன பார்க்கிறீர்கள், காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள், நான் முதலில் இறங்க வேண்டும்.